214-ஆம் எண்

தூத்துக்குடி உப்புக் கம்பெனி ஆபீசில் போன் இணைப்புகளைப் பார்ப்பவள் தங்கபுஷ்பம். அங்கே வேலை பார்க்கும்போதே செத்துப்போன இருதயராஜின் மேசைப் போன் எண் 214. அவர் பணியில்தான் இறந்தார் என்று ஒரு கடிதம் கேட்டு, அவர் மனைவி அந்த எண்ணுக்குத் தினமும் அடித்தாள். மேனேஜர் சிதம்பரநாதனுக்கு எரிச்சல்.

“நம்பரைத் துண்டிச்சா ஊர் பேசும். அது அடிக்கணும், ஆனா ஆபீஸ்ல ஒருத்தன் காதுலயும் விழக் கூடாது. போனை எடுக்கலைன்னு புகாரும் வரக் கூடாது. முடியாட்டி வேலையை விட்டுட்டுப் போ.”

“செஞ்சிருதேன் சார்.”

மறுநாள் முதலாளி எதிரே உட்கார்ந்திருக்க, மேனேஜர் மேசைப் போனிலேயே 214 அடித்தது. மேனேஜர் தயங்கினார். முதலாளி எடுத்து, இருதயராஜின் மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

மேனேஜர் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுக் கத்தினார்.

“உங்க ரூம் கதவு எப்பவும் சாத்தித்தான இருக்கு சார். வெளிய ஒருத்தருக்கும் கேக்கலையே,” என்றாள் அவள்.

முதலாளி முன்னாலேயே கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

நாலு நாள் கழித்து, மதியம் ஒரு மணிக்கு மறுபடி 214.

“கடுதாசிதான் வந்துட்டே, இன்னும் என்னம்மா?” என்றார் மேனேஜர் போனில் இருதயராஜின் மனைவியிடம்.

“ஒண்ணுமில்ல சார். அவுக சாப்பிட்டாகளான்னு கேக்குற நேரம். கை தன்னால அமுக்கிட்டு.”

இணைப்பில் அதைக் கேட்டிருந்த தங்கபுஷ்பம், அன்று சாயங்காலம் அந்த எண்ணைத் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டாள்.