நாலஞ்சு ஆடும் ஏழெட்டு நாளும்

ஒரு ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குச் சொந்தம்னு சொல்ல இருபத்திநாலு வெள்ளாடுதான். அந்த ஐப்பசியில மழை ஊத்துச்சு, ஊத்துச்சு, ஊத்திக்கிட்டே இருந்துச்சு. நனைஞ்சா ஆடு செத்துப்போகுமே! அப்புறம் என்ன செஞ்சா? பண்ணையார் சொக்கப்பன்கிட்ட ஓடுனா.

“சாமி, உங்க கொட்டகையில இடம் குடுங்க. மழை விட்டதும் நாலஞ்சு ஆடு தர்றேன்”னா.

“அதுக்கென்ன தாயி, ஏழெட்டு நாள் நிக்கட்டும். தெனம் ரெண்டு மூணு கட்டு கடலைக்கொடியும் நானே போடுறேன்”னாரு. வாயில தேன் ஒழுகுது!

எட்டாம் நாள் வெயில் வந்துச்சு. ஆட்டை ஓட்டப் போனா, சொக்கப்பன் நாலே நாலை வெளிய தள்ளிட்டு கதவைச் சாத்திட்டாரு.

“என்ன சாமி இது?”

“நாலஞ்சு இருபது! வாய்ப்பாடு தெரியாதா உனக்கு?”

அடப் பாவி! நாலஞ்சுன்னா நாலோ அஞ்சோ, இல்லியா கண்ணுங்களா? காத்தாயி வயிறு எரிஞ்சு ராஜாகிட்ட போனா. பண்ணையாரும் பின்னாலயே வந்துட்டாரு. அந்த ராஜா அப்பத்தான் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணிட்டு, யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு உக்காந்திருந்தாரு. “நாலஞ்சு இருபது! பண்ணையார் சொல்றதுதான் சரி”ன்னுட்டாரு.

காத்தாயி அழுதுக்கிட்டே வாசல் வரைக்கும் போனா. போனவ நின்னா. வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிப் பாத்தா. திரும்பி வந்தா.

“ராஜாவே, ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தாறு!”

“ரெண்டு மூணு?”

“ஆறு!”

“அப்ப அம்பத்தாறு நாளைக்கு, தெனம் ஆறு கட்டுக் கொடி. இவரு வாயால சொன்னது. எட்டு நாள்தான் ஆச்சு, அதுவும் ரெண்டு ரெண்டு கட்டுதான் போட்டாரு. மிச்சத்தைப் போடச் சொல்லுங்க.”

ராஜாவுக்கு ஒரே குஷி. “வாய்ப்பாடு வாய்ப்பாடுதான்! போடுய்யா”ன்னாரு.

சொக்கப்பனுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. கொடிப்போர் மொத்தமும் போயிருமே, சொந்த மாடு பட்டினி கெடக்குமே! “ராஜாவே, ஏழெட்டுன்னா ஏழோ எட்டோதானே! ஊர்ல அப்படித்தானே பேசுவாங்க!”

“அப்ப நாலஞ்சு?”ன்னா காத்தாயி.

அவரு மென்னு முழுங்குனாரு. “நா... நாலோ அஞ்சோ.”

ராஜா வெக்கப்பட்டு, “நாலுதான் உனக்கு, அதையும் அவளே பொறுக்கிக் குடுப்பா”ன்னுட்டாரு. காத்தாயி நாலு கிழட்டுக் கிடாவைக் குடுத்துட்டு, மிச்சத்தைச் சிரிச்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டுப் போனா. அதுக்கப்புறம் சொக்கப்பன் கடையில “நாலஞ்சு வெத்தலை குடு”ன்னு கேட்டாப் போதும், தெருவே “இருபதா?”ன்னு கத்தும்.

வாய்ச்சொல்லை வளைச்சா அது நம்ம கழுத்தைத்தான் சுத்தும். ஆடும் பட்டிக்குப் போச்சு, கதையும் படுத்தாச்சு. நீங்களும் நாலஞ்சு நிமிஷத்துல தூங்கணும். யாராச்சும் இருபதுன்னு சொன்னீங்க, உதைதான்!