கடைசிப் பந்திக்கு மாம்பழம்

கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மடத்துத் தலைவி தையல்நாயகி அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. அவரிடம் வந்து உட்காருகிறவர்களில் பாதிப்பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்களை அவர் "ஐயா" என்பார். அவர்கள் அவரை "அம்மா" என்பார்கள். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

சீடர்களில் ஒருவர் தெய்வசிகாமணி. சர்க்கரை ஆலையில் எடைமேடைக்காரர். கரும்பு லாரி மேடையில் ஏறி நின்றால் எடையை ஒரு தரம் பார்ப்பார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் சீட்டு கிழிப்பார். பின்னால் நிற்கிற டிரைவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது முகம் சரியாக இல்லை.

"அம்மா, ஒரு கேள்வி. ஆனா சாமி சம்பந்தப்பட்டது இல்ல."

"கேளுங்க ஐயா. சாமி கோச்சுக்க மாட்டாரு."

"பணம்."

அம்மா சிரித்துவிட்டார். "அப்ப சாமி சம்பந்தப்பட்டதுதான். நம்ம ஆளுங்க அவர்கிட்ட வேற என்ன கேக்கறாங்க?"

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் இதுதான். இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வூதியப் பணத்தை, இனி அவரவரே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆலை நிர்வாகம் சொல்லிவிட்டது. பங்குச் சந்தையில் போடலாம், கடன் பத்திரத்தில் போடலாம், பேங்கில் வைக்கலாம். எதில் எவ்வளவு என்பதைப் போனிலேயே தட்டி மாற்றலாம். எடைமேடைக்காரர் கையில் அந்தப் போன் கிடைத்தது. காலையில் பார்த்தார், மத்தியானம் பார்த்தார், பல் தேய்க்கும்போது பார்த்தார். சந்தை ஏறியபோது ஆசைப்பட்டு மொத்தத்தையும் அதில் போட்டார். இறங்கியபோது பயந்து மொத்தத்தையும் வெளியே எடுத்தார். மறுபடி ஏறியது, மறுபடி போட்டார். மறுபடி இறங்கியது.

"எங்க ரெண்டு பேருக்கும் கடைசிவரைக்கும் சோறு போடப்போறது அந்தப் பணம்தாம்மா. யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியிருக்காதுன்னு அஞ்சலாட்சிகிட்ட சொல்லியிருக்கேன். இப்ப அதுல நாலுல ஒரு பங்கு இல்ல. திருடன் யாரும் வரல. நானேதான் தொலைச்சேன்."

அஞ்சலாட்சி அவர் மனைவி. அவளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.

"சரி, கேள்வி என்ன?"

"கூட வேலை பாக்கற குப்புராஜ் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தான். மிச்சம் இருக்கறதை எடுத்து அவர்கிட்டக் குடுத்துட்டா மாசம் ரெண்டு வட்டி நிச்சயமாம். ஏறாதாம், இறங்காதாம். குடுத்துடலாமா?"

அம்மா தோப்புப் பக்கம் பார்த்தார்.

"இந்த வருஷக் குருபூசைக்குப் பழம் உங்க பொறுப்பு ஐயா. அது முடியட்டும், பதில் சொல்றேன்."

"அதுவரைக்கும் பணம்?"

"இருக்கற எடத்துலயே இருக்கட்டும். குப்புராஜ் எங்கயும் ஓடிட மாட்டாரு. கூட வந்தவர் ஓடினா ஓடட்டும்."

அந்த மடத்துக் குருபூசைக்கு ஒரு கட்டளை உண்டு. ஆனி அமாவாசையில் பந்தி தொடங்கும், பௌர்ணமியில் முடியும். வந்தவர் யாரானாலும் இலைக்கு ஒரு மாம்பழம். அது மடத்துத் தோப்பில் காய்த்ததாக இருக்க வேண்டும். கடைப்பழம் இலையில் விழக்கூடாது. முதல் நாள் கூட்டம் கொஞ்சம்தான். கடைசி நாள் பௌர்ணமிப் பந்திக்குத்தான் ஊரே திரண்டு வரும். மடத்தை நிறுவிய பெரியவர் ஏன் இப்படி ஒரு கட்டளை போட்டார் என்று யாருக்கும் தெரியாது. மாம்பழப் பிரியராக இருந்திருக்கலாம்.

தெய்வசிகாமணி தோப்பைச் சுற்றிப் பார்த்தார். செந்தூரம் பழுத்துத் தயாராக இருந்தது. முதல் சில நாளுக்கு அது போதும். பங்கனப்பள்ளியை முற்றிய காயாகப் பறித்து, பழ அறையில் வைக்கோல் பரப்பி அடுக்கினார். நடுவில் வரும் பந்திகளுக்கு அது. நீலம் பின்னால் பழுக்கும் ரகம். இரண்டு பெரிய மரம், கிளை தாழக் காய். அது மரத்திலேயே இருந்தது. பௌர்ணமிக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

அடுக்கிய மறுநாளே அவர் பழ அறைக்குள் போனார். ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது. இன்னொன்றை அழுத்தினார். சாயங்காலம் மறுபடி வந்து, காலையில் அழுத்தியதையே அழுத்தினார்.

சில நாள் கழித்து அம்மா அறை வாசலில் வந்து நின்றார். ஒரு பழத்தை எடுத்துத் திருப்பினார். மஞ்சள் ஓட ஆரம்பித்த தோலில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. அடுத்ததிலும் கறுப்பு.

"என்னய்யா இது?"

"பழுத்துடுச்சான்னு பாத்தேம்மா. ரெண்டு தடவை பாக்காம நான் எதையும் விட்டதில்ல. தொழில் பழக்கம்."

"லாரியை எத்தனை தடவை எடை போட்டாலும் கரும்பு கன்றிப் போகாது."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். கன்றிய பழங்களை அம்மா ஜூஸ் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அமாவாசைக்கு முன் ஒரு சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் நீலமரங்களுக்கு அடியில் கால் வைக்க இடமில்லை. அத்தனையும் பச்சைக் காய். தெய்வசிகாமணி நேராக ஊருக்குள் ஓடி, காய் பறிக்கிற ஆட்கள் இருவரைத் துறட்டியும் வலையுமாகக் கூட்டிவந்தார். அதற்குள் அம்மா நாலு பெண்களை உட்கார வைத்து, விழுந்த காய்களைத் துண்டு போட்டு உப்பில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எல்லாத்தையும் இப்பவே பறிச்சிடலாம். இன்னொரு காத்து அடிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"முத்தாத காயாச்சே ஐயா."

"இருக்கட்டும்மா. இருக்கறதையாவது காப்பாத்துவோம்."

அம்மா கை உப்பைத் தட்டிவிட்டு எழுந்தார். "நீலமரம் ரெண்டு. கிழக்கால இருக்கறது உங்க இஷ்டம். மேற்கால இருக்கறது என் இஷ்டம்."

கிழக்கு மரத்தை அவர் மொட்டையாக்கினார். கடைசிக் காய் வலைக்குள் இறங்கியபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. காய்களைப் பூப்போல வைக்கோலில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். இரண்டு நாள் கழித்து இன்னொரு காற்று அடித்து, அம்மாவின் மரத்திலிருந்து கொஞ்சம் காயை உதிர்த்தது. அவர் மனசுக்குள் லேசாகச் சிரித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா கூடையை எடுத்துப்போய் விழுந்ததைப் பொறுக்கினார். மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பந்தி தொடங்கியது. செந்தூரம் தீர்ந்து பங்கனப்பள்ளி வந்தது. அதுவும் தீரப்போகிற சமயத்தில் அவர் கிழக்கு மரத்துக் காய்களைத் திறந்து பார்த்தார். ஒன்றும் பழுக்கவில்லை. தோல் சுருங்கி, வாடிய கத்திரிக்காய் மாதிரிக் கிடந்தன. ஒன்றை அறுத்து வாயில் வைத்துத் துப்பினார். அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

மேற்கு மரம் மட்டும்தான் மிச்சம். அம்மா சொன்ன நாளில் அதைப் பறித்தார். இந்த முறை காய் முற்றி, காம்பைச் சுற்றித் தோள்போலப் புடைத்திருந்தது. வைக்கோலில் வைத்தார். கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தினமும் வாசலிலேயே நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

பௌர்ணமிக்கு முதல் நாள் குப்புராஜ் சைக்கிளில் ஒரு கூடையோடு வந்து இறங்கினான்.

"அண்ணே, பழம் பத்தலையாமே? இந்தாங்க, நம்ம ஆளு குடுத்தனுப்பினாரு. வேணுங்கற அளவுக்குத் தர்றாராம்."

கூடை நிறைய ஒரே மஞ்சள். ஒன்றுகூடக் கொஞ்சம் பச்சையாக இல்லை, கொஞ்சம் கூடுதலாகப் பழுத்தும் இல்லை. தெய்வசிகாமணி ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். மாம்பழ வாசனை வரவில்லை. அறுத்தார். தோல் தங்கமாக இருந்தது, உள்ளே வெளுப்பு.

"எப்படிப்பா எல்லாம் ஒண்ணாப் பழுத்துச்சு?"

"அதுக்குத்தான் கார்பைடு கல்லு இருக்கே. காயோட ஒரு பொட்டலம் போட்டு மூடினா ரெண்டே நாளு."

தெய்வசிகாமணி கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த ரெண்டு வட்டியையும் உன் ஆளு கல்லு வச்சுத்தான் பழுக்க வைக்கறாரா?"

குப்புராஜ் அறுத்த பழத்தின் வெளுப்பையே பார்த்தான். பாவம், அவனும் அங்கே பணம் போட்டிருந்தான்.

"கூடையை எடுத்துட்டுப் போ தம்பி. போன கையோட உன் பணத்தைத் திருப்பிக் கேளு. தரமாட்டேன்னா எனக்குச் சொல்லு, நானும் கூட வர்றேன்."

அவன் போன பிறகுதான் நாளைக்குப் பழம் போதுமா என்ற கவலை திரும்பி வந்தது. பழ அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவே வேண்டியிருக்கவில்லை. வாசனை முற்றம்வரை வந்திருந்தது.

பௌர்ணமிப் பந்தியில் அவரே கூடையைத் தூக்கிக்கொண்டு இலைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனார். வரிசை முடிய முடியக் கூடையும் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசி வரிசையில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். முந்தின இரவு அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் கொஞ்சம் அழுதாள், நிறையத் திட்டினாள், பிறகு மிச்சம் எவ்வளவு என்று கேட்டாள். இப்போது அவள் இலையிலும் ஒரு பழம் விழுந்தது. அதற்கப்புறமும் கூடையில் இரண்டு மூன்று இருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழம் இருக்கட்டும், இந்த ஊறுகாய் யார் போட்டது?" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் வைங்க."

கூட்டம் கலைந்த பிறகு அம்மாவும் அவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"உங்க கேள்விக்கு நான் பதில் சொல்லணுமே ஐயா" என்றார் அம்மா.

"குப்புராஜ் விஷயம் முடிஞ்சுதும்மா. அது வேண்டாம்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஓய்வு வாங்கினதும் முதல் ரெண்டு மூணு வருஷச் சாப்பாட்டுக்குப் பேங்க்ல வைக்கப்போறேன். அது செந்தூரம். அதுக்கடுத்த வருஷங்களுக்குக் கடன் பத்திரம். அது வைக்கோல்ல கிடக்கட்டும். மிச்சம் சந்தையில, மரத்துலயே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பாப்பேன். போன்ல இருந்த அந்த ஆப்பை நேத்தே அழிச்சுட்டேன்."

அம்மா மோரை ஊற்றிக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. என் வயசுல மரத்துல விட்டு வைக்கறது சரியா?"

"உங்க கடைசிப் பந்தி என்னிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாருக்கும் தெரியாது. சாப்பிடுங்க."

அவர் இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

"காத்து மறுபடியும் அடிக்குமேம்மா?"

"அடிக்கும்."

"நிச்சயமாவா?"

"இதுல நிச்சயம்னு சொல்ல இருக்கறதே அது ஒண்ணுதான்."

"அடிச்சா என்ன பண்றது?"

அம்மா ஜாடியை அவர் இலைப் பக்கம் நகர்த்தினார்.

"ஊறுகாய் போடுவோம் ஐயா."