நடுவில் ஒரு பை

சபாபதி பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், மேட்டுப்பாளையத்தில் ரெஜினாவின் பைக் ஒர்க் ஷாப்பில் ஒரு வருஷமாக வேலை கற்றுக்கொண்டிருந்தார். ரெஜினா அவரைவிடப் பத்து வயது சின்னவள். இருந்தாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

திங்கட்கிழமை அவரும் மனைவி மரகதமும் பைக்கிலேயே லடாக் கிளம்புகிறார்கள். செயின் புதுசு. பிரேக் ஷூ புதுசு. பஞ்சர் சாமான், கிளட்ச் கேபிள், இரண்டு ட்யூப் எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. கடைசியாக ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார் மனுஷன்.

"இதை எங்கே கட்டறதுங்க சார்?"

"எனக்கும் அவளுக்கும் நடுவுல, மாஸ்டர்."

"எதுக்கு?"

"சும்மா சும்மா தோளைத் தட்டுவா. மெதுவாப் போகணும்னா ஒரு தட்டு, நிறுத்தணும்னா ரெண்டு தட்டு. மலையில என் உயிரை வாங்கிடுவா. பை இருந்தா கை எட்டாது."

"தட்டினா நிறுத்துவேன்னு சொல்லித்தானே அவங்களைச் சம்மதிக்க வெச்சீங்க?"

"சொன்னேன்தான்."

சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. பெண்டாட்டியை ஏமாற்றுவதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிற ரகம்.

ரெஜினா கயிற்றை எடுத்தாள். பையை நடுவில் வைத்து இறுக்கிக் கட்டினாள். "பின்னால ஏறுங்க சார். மலையில ஒருக்கா ஓட்டிப் பார்த்துடலாம்," என்றாள்.

கீழே நல்ல வெயில். ஐந்தாவது வளைவு தாண்டியதும் மேகம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ரோடும் இல்லை, மரமும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ரெஜினா வேகத்தைக் குறைக்கவில்லை.

சபாபதி நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினார். பை இடித்தது. எக்கிப் பார்த்தார், அப்போதும் அவள் தோள் எட்டவில்லை. கத்தினார். சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளேயே அமுங்கிப் போனது. வேறு வழியில்லாமல் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க, மாஸ்டர்?"

"ரெண்டு தட்டு விழுந்துச்சே."

"நான் தட்டலையே. எனக்கு எட்டவே இல்லை."

"தெரியும் சார்."

அவளுடைய காக்கிச் சட்டையின் இடது தோளில் ஈரமாக ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. சபாபதியின் கைகள் இரண்டும் இன்னும் பின்கம்பியில்தான் இருந்தன.

மேகம் விலகியது. ரோடு நன்றாகத்தான் இருந்தது. பள்ளம் இல்லை, கல் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. வளைவில் மட்டும் கொஞ்ச தூரத்துக்குத் தனியாக ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருந்தார்கள்.

"இங்கே ஒண்ணுமே இல்லையே, மாஸ்டர்."

"இன்னைக்கு இல்லைங்க சார். பதினாறு வருஷம் முன்னாடி பாதி ரோடு மழையில போயிருந்துச்சு. அப்பவும் இதே மாதிரி மேகம். எங்க வீட்டுக்காரர் பின்னால உட்கார்ந்திருந்தார்."

தோளில் இருந்த ஈரம் ஒவ்வொரு விரலாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு அவர் தட்டலையா, மாஸ்டர்?"

"தட்டினாருங்க சார். நான்தான் நிறுத்தலை."