ஓடுகிறதா, நிற்கிறதா

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் நாலாவது மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் பர்வீன். வயது இருபத்தொன்பது. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. தயிர்சாதத்தின் பாதியில் எழுப்பினாலும் வராது.

சீடர் மயில்சாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்து டேட்டாபேஸ் பக்கம் வந்தவர். கற்றுக்கொடுத்தவர் என்பதால் பர்வீனைக் ‘குருவே’ என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அது கிண்டல். இப்போது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார் மயில்சாமி. அவர் தனியாகச் செய்யும் முதல் அப்கிரேடு. நாலு மணிக்கு ஊர் ஊராக மாலைப் பால் எடுத்து அதில் பதிய வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிட்டு, வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.

மதியத்திலிருந்து திரை ‘உறுப்பினர் பட்டியல்’ என்ற வரியிலேயே இருந்தது.

போன் அடித்தது. மேனேஜர்.

“மயில், ஸ்டேட்டஸ்?”

“போய்ட்டிருக்குங்க சார்.”

அடுத்தது சங்கத்துச் செயலாளர்.

“ஏனுங்க, உங்க கம்ப்யூட்டரு வர்ற வரைக்கும் பாலு பொறுத்துட்டு இருக்குமுங்களா? திரிஞ்சு போயிருமுங்க!”

டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த குருவிடம் போனார் மயில்சாமி.

“குருவே, அப்கிரேடு ஏனுங்க இவ்வளவு மெதுவா ஓடுது?”

“ஓடுதா?”

“மெதுவா ஓடுதுங்க. டிஸ்க்கைப் பார்த்துட்டேன். நெட்வொர்க்கைப் பார்த்துட்டேன். பழைய ஃபைலையெல்லாம் அழிச்சு இடம்கூடப் பண்ணிக் குடுத்துட்டேன்.”

பர்வீன் கை கழுவிவிட்டு வந்தார்.

“வாங்கண்ணா, ஒரு மீட்டிங் போடலாம்.”

மீட்டிங் அறைக்குள் அவர்தான் முதலில் நுழைந்தார். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. மயில்சாமி தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி குரு நின்றிருந்தார்.

“மயில், ஸ்டேட்டஸ்?” என்றார், அச்சு அசல் மேனேஜர் குரலில்.

“உள்ள வர முடியலீங்க!”

“ஏண்ணா இவ்வளவு மெதுவா வர்றீங்க? செருப்பு சரியில்லையா? தரை வழுக்குதா?”

“நான் எங்கீங்க மெதுவா வர்றேன்? நீங்கதான் கதவைப் பிடிச்சுட்டு...”

பாதியில் வாய் நின்றது. தன் இடத்துக்கு ஓடினார். உறுப்பினர் பட்டியலை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று டேட்டாபேஸிடமே கேட்டார்.

ஒரே ஒரு பெயர் வந்தது. மயில்சாமி.

காலையில் ஓர் உறுப்பினரின் இனிஷியலைத் திருத்தப் போனவர், ‘சேமி’ என்றும் சொல்லாமல், ‘வேண்டாம்’ என்றும் சொல்லாமல், அந்த விண்டோவை அப்படியே திறந்து விட்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று அப்கிரேடு மரியாதையாகக் காத்து நின்றிருந்தது.

சேமித்தார். மூடினார். திரை நகர்ந்தது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் முடிந்தது.

“பாலை ஊத்தச் சொல்லுங்க,” என்று செயலாளருக்குச் சொல்லிவிட்டுக் குருவிடம் வந்தார். முகம் இன்னும் தெளியவில்லை.

“ஒண்ணு மட்டும் புரியலீங்க குருவே. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, டேட்டாபேஸை விட்டு எல்லாரும் வெளிய போங்கன்னு சொல்லிட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாமப் போய்ட்டாங்க.”

“சொன்னவரு எங்கே நின்னு சொன்னாருண்ணா?”