வட்டி குறைந்ததும் பந்தி மணியும்

மரகதவல்லி மடத்துக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் வந்தாள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எட்டு வருஷமாக நாள் தவறாமல் வந்து சாமியிடம் பாடம் கேட்கிறவள். சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன அக்கிரமம் சாமி இது! நாட்டுக்கே பெரிய வங்கி வட்டியைக் குறைச்சா பங்குச் சந்தை ஏறும்னான் அந்த ஏஜெண்ட். டெபாசிட் வட்டியிலதான் நான் வீட்டு வாடகை கட்டுறேன். அந்த டெபாசிட்டுல பாதியை எடுத்துப் பங்குல போட்டேன். வட்டியைக் குறைச்சாங்க. சந்தை சரிஞ்சு விழுந்துடுச்சு!”

“எதுக்குக் குறைச்சாங்களாம்?”

“எனக்கென்ன தெரியும்? போன மூணு தடவை குறைச்சப்பவும் ஏறுச்சுன்னு படம் போட்டுக் காட்டினான். இப்போ மறுபடியும் குறைக்கப் போறாங்களாம். மீதியையும் போடுங்க, விட்டதைப் பிடிச்சிடலாம்கிறான். அதுவும் போனா நான் தெருவுலதான் நிக்கணும். மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். போடட்டுமா, வேண்டாமா? சொல்லுங்க!”

சாமி வாய் திறக்குமுன் சமையல்காரர் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சாமி விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

மரகதவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தி வயிறெரிந்து கேட்கிறாள், இவர் பாட்டுக்கு எழுந்து போகிறாரே!

அடுத்த நிமிஷம் பந்தி மணி அடித்தது.

தோட்டத்தில் இருந்தவர்களும் கோசாலையில் இருந்தவர்களும் கை கழுவிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கோபம் கோபமாக இருக்க, பழக்க தோஷத்தில் மரகதவல்லியும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பத்து மணிக்கே பந்தியா? யார் வீட்டுக் கல்யாணம்?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“சும்மா இருய்யா. வடை இருக்கும்போல” என்றார் இன்னொருவர்.

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வரை ஈரம்.

“குழாய் வெடிச்சு அரிசி அறையில தண்ணி நிக்குது. மூட்டையைத் தூக்க ஆள் வேணும். எழுந்திரிங்க!”

எல்லோரும் எழுந்து ஓடினார்கள். மரகதவல்லி மட்டும் சாமியை வழிமறித்தாள்.

“சோத்துக்கு அடிக்கிற மணியை அடிச்சு ஏமாத்தலாமா? உங்களுக்கும் அந்த ஏஜெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“மணி அடிச்சதும் தட்டை எடுத்தீங்க. அடுப்பைப் பார்த்தீங்களா அம்மா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். சமையலறைக் கதவு திறந்துதான் கிடந்தது. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

“என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு மணிதான்” என்றார் சாமி. “சோறு வெந்தாலும் இதைத்தான் அடிப்பேன். அரிசி நனைஞ்சாலும் இதைத்தான் அடிப்பேன்.”

அவள் போன் அலறியது. எடுத்தாள்.

“என்னக்கா, மீதியையும் போட்டுடலாமா?”

“முதல்ல எதுக்குக் குறைக்கிறாங்கன்னு சொல்லு” என்று அதட்டினாள் மரகதவல்லி.