ராசாவுக்கு உறை ஊத்தினவ

காட்டாத்தூர்னு ஒரு ஊர்ல பூவாயி பூவாயின்னு ஒருத்தி இருந்தா. எருமை வச்சிருந்தா, தயிர் வித்தா, சடையன்னு ஒரு புருசனையும் வச்சிருந்தா. அந்தச் சடையன் குறட்டை விட்டான்னா எருமை கயித்த அத்துக்கிட்டு ஓடும். சிரிக்காதீங்கடா, உங்க தாத்தாவுக்கு மட்டும் என்ன வாழுதாம்?

அந்த ஊரு ராசாவுக்கு எல்லாம் இருந்துச்சு, மத்தியானத் தூக்கம் மட்டும் வரல. கறிச்சோறு தின்னுட்டுப் படுப்பாரு, புரளுவாரு, எந்திரிச்சு உக்காந்து யாரையாவது திட்டுவாரு. கடைசியில என்ன பண்ணாரு, "எனக்கு வராத தூக்கம் எந்தப் பயலுக்கும் வரக்கூடாது. பகல்ல எவன் குறட்டை விட்டாலும் பிடிச்சு உள்ள போடு. எனக்குத் தூக்கம் வந்தாத்தான் அவனுக்கு விடுதலை"ன்னு தண்டோரா போட்டுட்டாரு. ராசாவ யாரு கேக்கிறது? மொத மொதல்ல மாட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? சடையன்தான். வேப்பமரத்தடியில படுத்திருந்தவன அலாக்கா தூக்கிட்டுப் போனாங்க, போற வழியெல்லாம் குறட்டை நிக்கல.

பூவாயி அழுதா, ராசாவ ஏசினா, குறுக்க வந்த எருமையையும் வஞ்சா. அப்புறம் மூக்கச் சிந்திட்டு, தயிர்ப்பானையத் தலையில வச்சுக்கிட்டு அரண்மனைக்குப் போனா.

போனா, அங்க ராசா கட்டில்ல படுத்திருக்காரு, பக்கத்துல ஆவுடையப்பன்னு ஒரு ஆளு. ராசாவத் தூங்க வைக்கிறதுதான் அந்தாளுக்கு வேலை. மூணு வேளையும் நெய்ச்சோறு, யோசனைப்புலின்னு பட்டம் வேற, அதுவும் அவரே வச்சுக்கிட்டது.

"தெக்க தலை வச்சுப் படுங்க மகாராசா"ன்னாரு. ராசா படுத்துக் கண்ண மூடினாரு. ஒரு கொட்டாவி வரதுக்குள்ள, "தூக்கம் வந்துச்சா மகாராசா?" "வரலடா." அப்புறம் உள்ளங்கால்ல விளக்கெண்ணெய் தடவினாரு. ராசா கண்ண மூடினாரு. "தூக்கம் வந்துச்சா மகாராசா?" "வரலடா." அப்புறம் கசகசாப் பாலு குடிக்க வச்சாரு. ராசாவுக்குக் கண்ணு சொருகுது, தலை சாயுது, இந்தாளு தோளப் பிடிச்சு உலுக்கி, "தூக்கம் வந்துச்சா மகாராசா?" "வரலடா, வரல!"

பாத்துட்டே நின்ன பூவாயிக்குப் புரிஞ்சுபோச்சு. அவ மாமியாக்காரியும் இதே ரகந்தான். பாலுக்கு உறை ஊத்தி வச்சா சும்மா இருக்க மாட்டா. தயிராச்சா, தயிராச்சான்னு மூடியத் தொறந்து, பானையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாப்பா. ஒருநாளும் கெட்டியா விழுந்ததில்ல, பழி மட்டும் எருமை மேல. ஆனா மாமியா தெரியாம பண்ணினா, இந்தாளு தெரிஞ்சே பண்றான். ராசா தூங்கிட்டா நெய்ச்சோறு போயிடும்ல?

உடனே பூவாயி கும்பிட்டு, "மகாராசா, எங்கிட்ட ஒரு மருந்துத் தயிர் இருக்கு, தின்னா தூக்கம் கியாரண்டி. ஆனா உறை ஊத்தினதும் பெரிய புத்திசாலி ஒருத்தரு பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கணும். சாதாரண ஆளுன்னா திரிஞ்சுபோயிடும்"னா.

"இந்த நாட்டுல என்னை விட்டா யாரு இருக்கா?"ன்னு ஆவுடையப்பன் மீசைய முறுக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயி அவ உறை ஊத்தி வச்ச பானைக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. புலி அடங்கிருச்சு.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"னு ராசா கேட்டாரு.

"ஒண்ணும் பண்ண வேணாம் மகாராசா. சும்மா படுத்திருங்க. ஆனா தூங்கிடாதீங்க, மருந்து வீணாப்போயிடும்."

தூங்காதேன்னா தூக்கம் வராம இருக்குமா? ராசா ஒரு கொட்டாவி விட்டாரு, அப்புறம் ஒரு கொட்டாவி விட்டாரு, அப்புறம் விட்டாரு பாருங்க ஒரு குறட்டை, சடையன் எல்லாம் பிச்சை வாங்கணும்.

பூவாயி சேவகன்கிட்ட ஓடி, "தூங்கிட்டாரு, என் புருசன விடு"ன்னா.

"ராசா வாயால சொல்லணும் தாயி."

"அப்போ எழுப்பிக் கேளு."

"நான் எழுப்புறதா? எனக்குக் கழுத்து மேல தலை வேணும்."

இது என்னடா கொடுமைன்னு பூவாயி தரையில உக்காந்துட்டா. விழிச்சிருந்தா விடமாட்டாரு, தூங்கினா சொல்லமாட்டாரு, அப்போ எம்புருசன் அங்கயே கெடந்து சாக வேண்டியதுதானான்னு தலையில அடிச்சுக்கிட்டா.

அந்த நேரம் பாத்து குறட்டைச் சத்தம் சமையக்கட்டுக்கும் கேட்டுச்சு. போச்சுடா நெய்ச்சோறுன்னு ஆவுடையப்பன் துள்ளி எந்திரிச்சாரு. பானைய விட்டாரு, வேட்டியப் பிடிச்சாரு, ஒரே ஓட்டமா ஓடிவந்து ராசாவப் பிடிச்சு உலுக்கி, "தூக்கம் வந்துச்சா மகாராசா?"ன்னாரு.

"வந்துச்சுடா பாவி! எத்தனையோ வருசம் கழிச்சு வந்துச்சு! நீதான்டா வெரட்டிட்ட!"

பூவாயி துள்ளி எழுந்தா. "வந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க மகாராசா! இந்தாளே சாட்சி!"

ராசா என்ன பண்ணுவாரு, எல்லாரையும் விடச் சொல்லிட்டாரு. ஆவுடையப்பன அதே கட்டில்ல படுக்கப்போட்டு, ரெண்டு பக்கமும் ஆள நிறுத்தி, கண்ண மூடினா போதும், "தூக்கம் வந்துச்சா ஐயா?"ன்னு உலுக்கச் சொன்னாரு. அந்தாளு தாங்கமுடியாம ஜன்னல் வழியா குதிச்சவரு, இன்னும் ஓடிட்டே இருக்காரு.

சிறைக் கதவத் தொறந்தா, சடையன் உள்ள கால நீட்டிக் குறட்டை விட்டுட்டிருக்கான். பூவாயி ஒரு உதை விட்டா.

"ஏன்டி எழுப்பின? இங்க எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"யோவ், ஒனக்கு நிம்மதி. ஒன் குறட்டை இல்லாம நான் பொட்டுத் தூக்கம் தூங்கலய்யா"ன்னு சொல்லிட்டு, அழுகைய அடக்க முடியாம அவன் துண்டுலயே மூக்கச் சிந்தினா.

அவ்வளவுதான், கதை அதோட படுத்துக்கிச்சு. பாலுக்கு உறை ஊத்தினா மூடி வச்சுட்டு வேற வேலையப் பாருங்க. ராசாவுக்கும் அதே வைத்தியந்தான், வெளிய சொல்லிடாதீங்க.