காக்கா மார்க் சோப்பு

பறவைகள் பேசியதோடு நில்லாமல் கடையும் வைத்துப் பிழைத்த அந்தக் காலத்தில், குளக்கரையில் கொக்கு அண்ணாச்சி சோப்புக் கடை நடத்தினார். சோப்பின் பெயர் காக்கா மார்க். ஒவ்வொரு கட்டியிலும் ஒரு காக்கையின் படம் பதித்திருக்கும். கோணல் வாய், முட்டைக் கண், இடுப்புவரை வெள்ளை, அதற்குக் கீழே கறுப்பு. அடியில், 'காக்காயும் வெளுக்கும்' என்று எழுத்து வேறு. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். நல்ல சோப்புதான், பொய் சொல்லக் கூடாது.

புளியமரத்தில் குடியிருந்த சடைச்சிக் காக்கைக்கு ஒரே மகள், பெயர் மினுக்கி. ஒருநாள் அவள் கழுத்து இறகெல்லாம் உதிர்ந்து, தோல் சிவந்து வந்து நின்றாள்.

"காலையிலேருந்து காக்கா மார்க் சோப்பப் போட்டுத் தேய்க்கேன். வெளுக்கவே மாட்டேங்கும்மா," என்றாள்.

சடைச்சி மகளைக் கூட்டில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த எடுத்திருங்க. எம்புள்ள தோலு உரிஞ்சு நிக்கா."

"எங்க தாத்தா போட்ட படம்லா அது. உங்க கூட்டத்துக்கே பெருமைதானே," என்றார் கொக்கு.

சோப்பு வாங்க வந்த எருமை, "படத்துல என்ன இருக்கு? நுரை வந்தாச் சரி," என்றது. அது தன் கறுத்த முதுகை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை போலும்.

சடைச்சி ஒரு கட்டியின் படத்தை அலகால் தட்டிக் காட்டினாள்.

"அப்போ இது எங்க மூஞ்சிதான்னு ஒத்துக்கிடுதீயளா?"

"பின்ன யாரு மூஞ்சி?"

"எங்க மூஞ்சி போட்ட சாமான் எங்களுக்குத்தானே சேரும்."

ஒரு பருக்கை கிடைத்தாலும் ஊரைக் கூப்பிட்டுத் தின்பது காக்கை வழக்கம். சோப்புக்கு மட்டும் விடுமா? சடைச்சி கடைக் கூரைமேல் ஏறி நின்று கரைந்தாள். வானமே கறுத்து இறங்கியது. ஆளுக்கொரு கட்டியாகத் தூக்க, கடை காலி. மினுக்கியும் ஒன்றைக் கவ்விவந்து, படத்தை மட்டும் கொத்திக் கொத்தி எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கு மறுபடி முளைத்த இறகு எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. சடைச்சிக்கு அதைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை.

அண்ணாச்சி காக்கையை எடுத்துவிட்டுத் தாமரைப் பூவைப் போட்டார். சோப்பு முன்போலவே நுரைத்தது, முன்போலவே விற்றது.

ஆனாலும் காக்கைகள் லேசில் நம்புகிற கூட்டமா? கிணற்றடியில் சோப்பை வைத்துவிட்டு நாம் முகம் துடைக்கிற நேரத்தில், ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓட்டின்மேல் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறதே, அது அன்று முதல்தான். பழைய படம் திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்கிறது.